பியூஸ் கட்டையும் ஸ்டே ஆர்டரும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு மனித இனம் உண்டு. பனியன் கம்பெனி இருக்கும் தெருவிலெல்லாம் இதுவும் இருக்கும். அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று டீ ஆறிப்போனது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஸ்டேக்காரர். மின்வாரியம் கரண்டைத் துண்டிக்க வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கையைக் காலைப் பிடிப்போம். ஸ்டேக்காரர் பிடிக்க மாட்டார். நேரே கோர்ட்டுக்குப் போய், துண்டிக்கக் கூடாது என்று ஒரு தடை உத்தரவை வாங்கி வந்து, அதையே மூன்று மாதம் தின்று, உடுத்து, விரித்துப் படுத்துக்கொள்வார்.

எங்கள் மண்ணரைப் பகுதியில் என் லேபிள் கடைக்கு நேர் எதிரே இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று இருக்கிறது. பெயர் மகுடேஸ்வரன். முன்பக்கம் எட்டு ஓவர்லாக் மிஷின் போட்ட ஒரு கூடம், பின்பக்கம் தன் கம்பெனி ஆட்களுக்காகக் கட்டிவிட்ட ஆறு லைன் வீடுகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. அதுவும் வீட்டு இணைப்பு. ஒருநாள் மின்வாரிய அதிகாரி வந்து நின்றார்.

“இது ஊட்டு சர்வீஸுங்களே. இங்க மிஷின் ஓடுதுங்களே?”

“ஏனுங்க, ஊட்டுல தையல் மிஷின் இருக்கக் கூடாதுங்களா? என்ற ஊட்டுக்காரி பொழுது போகாம தைக்கறதுங்க.”

“எட்டு மிஷின்லயுமா?”

“அவளுக்கு ரொம்பப் பொழுது போகாதுங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ஸ்டேக்காரருக்குத் தபால்காரரைக் கண்டால் ஒரு வினோத நோய் வரும்: வாசலில் நின்றுகொண்டே வீட்டில் இல்லாமல் போய்விடுவார். தபால் திரும்பிப் போனது. பிறகு கேட்டில் ஒட்டினார்கள். மறுநாள் அதன் மேல் ‘டைலர்கள் தேவை’ என்று ஒரு தாள் பளபளவென்று ஒட்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் காலை லைன்மேன் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று மகுடேஸ்வரன் போட்ட சத்தத்தில் என் கடை லேபிள் ரோல்கள் உருண்டன.

“கரண்டுங்கறது உசுருங்க! பதினஞ்சு நாள் முன்னாடி எழுத்துல குடுக்கோணுமுங்க. நோட்டீஸ் இல்லாம உசுரைப் புடுங்கலாமுங்களா? இது நாடுங்களா, காடுங்களா?”

வக்கீல் கெட்டிக்காரர். எட்டு ஓவர்லாக் மிஷினுக்காக எந்த நீதிபதியும் மனம் இரங்க மாட்டார், லைன் வீட்டில் நோயாளி யாராவது உண்டா என்று கேட்டார். மகுடேஸ்வரனுக்கு அப்போதுதான் ரோஸ்மேரி ஞாபகம் வந்தது. ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அவரிடமே டைலராக இருந்தவள், நாலாவது லைன் வீட்டுக்காரி. அவள் மகள் நதியாவுக்கு ஆறு வயது, இளைப்பு நோய். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் உடனே நெபுலைசர் மிஷினைப் போட்டு மருந்துப் புகையைக் காட்டியாக வேண்டும். அவளிடம் போய், “அம்மணி, புள்ளையோட டாக்டர் சீட்டு ஒண்ணு குடுங்க, எல்லாருக்கும் நல்லதுக்குத்தானுங்க” என்று வாங்கிப் போனார். மனுவில் இப்படி ஒரு வரி வந்தது: ‘மனுதாரரின் அரவணைப்பில் வாழும் ஒரு பச்சிளம் குழந்தையின் மூச்சே இந்த மின் இணைப்பில்தான் இருக்கிறது.’ படித்தபோது எனக்கே கண் கலங்கியது. தாங்கள் அவருடைய அரவணைப்பில் இருக்கும் சங்கதி ரோஸ்மேரிக்கும் அன்றுதான் தெரிந்தது.

ஸ்டே கிடைத்தது. கரண்ட் வந்தது. உத்தரவை லேமினேஷன் செய்து மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் கம்பி போட்டுக் கட்டினார். ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை அதற்கும் வைத்து, பூசணிக்காயையும் அதற்கு முன்னால்தான் உடைத்தார். எனக்கும் ஒரு நகல் தந்தார். “வெச்சுக்குங்க, எப்பவாச்சும் உதவும்.”

கார்த்திகையில் ரோஸ்மேரி முதலிபாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை மாறினாள். எங்கள் பக்கத்து லைன் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கம்பெனியை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளைக்கு அரையாண்டுப் பரீட்சை முடியும் வரை இருந்துகொள்கிறேன் என்று கேட்டாள். மகுடேஸ்வரன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியபோது நாலாவது வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. அந்த வீட்டுப் பியூஸ் கட்டை மகுடேஸ்வரனின் சட்டைப் பையில், இரண்டு பேனாவுக்கும் நடுவில் இருந்தது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். நதியாவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அந்த இழுப்புச் சத்தம் தெருவைத் தாண்டி என் கல்லா வரைக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, எங்க வீட்டு பியூஸ் கட்டைய நீங்களா எடுத்தீய?”

“எடுத்தனுங்க அம்மணி. என்ற ஊடு, என்ற கட்டை.”

“புள்ளைக்கு இளைப்பு வந்துட்டு. மிஷினு போடணும். ஒரு நோட்டீஸும் தரலையே?”

“நோட்டீஸா? உங்களுக்கெல்லாம் எதுக்குங்க அம்மணி நோட்டீஸு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன? கடையை விட்டு இறங்கவில்லை. வாயும் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரோஸ்மேரி சத்தம் போடவில்லை. மீட்டர் பலகைக்குப் போய், சந்தனம் வைத்த அந்த அட்டையின் மேல் விரலை வைத்தாள்.

“அண்ணாச்சி, அடுத்த வாய்தாவுக்கு நான் வந்து கையெழுத்து போடணும்னு ஒங்க வக்கீலு போன் பண்ணுனாரு. வாரேன், போடுதேன். கூடவே, நோட்டீஸ் இல்லாம எம் புள்ள மூச்சப் புடுங்கினது ஈபிக்காரன் இல்ல, நீங்கதாம்னு அதையும் எழுதிக் குடுத்துட்டு வாரேன்.”

மகுடேஸ்வரனின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. அவசரத்தில் இரண்டு பேனாவும் கீழே விழுந்தன. எடுக்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் கையாலேயே கட்டையைச் செருகினார். நெபுலைசர் உறுமத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் பிள்ளை பிஸ்கட் கேட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு, கூடவே வெட்கமாகவும் இருந்தது. ரோஸ்மேரி அதோடு விடவில்லை. பரீட்சை முடியும் வரை இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கி, லேமினேஷன் கடைக்குப் போனாள்.

சாயங்காலம் டீ குடிக்க வந்த மகுடேஸ்வரன் சொன்னார்: “என்னங்க பண்றது, நமக்கு இளகின மனசுங்க.”

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது ஒரு கேள்வி. உங்கள் மாடியில் யாராவது குடியிருக்கிறார்களா? தண்ணீர் மோட்டார் சுவிட்ச் யாருடைய சமையலறையில் இருக்கிறது? அவர்கள் பையன் வண்டியைக் குறுக்கே நிறுத்திய மறுநாள், மோட்டார் போட உங்களுக்கு மறந்து போனதா? சும்மாதான் கேட்கிறேன். அன்று நான் வீடு திரும்பியபோது மாடிப்படியில், எங்கள் மாடியில் குடியிருக்கும் மூக்கம்மாளின் குடங்கள் என் ‘மறதி’யால் இரண்டு நாளாகக் காலியாகவே நின்றிருந்தன. யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்.

நீங்களும் எதற்கும் ஒருமுறை உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.