பிங்கஸ் எடுக்க வந்த மூன்று புத்தகங்கள்

மக்கள் இஷ்டத்துக்குப் புத்தகம் எடுத்துப் படித்துக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆல்டர்கிளஃப் நகராட்சிக்கு மனம் வரவில்லை. நூலகக் கூரை ஒழுகியது உண்மைதான். ஆனால் ஒழுகும் கூரையால் யார் மனமும் புண்படுவதில்லை அல்லவா? ஆகவே கூரைக்கு ஒரு வாளியும் வாசகர்களுக்கு ஒரு வாசிப்பு நல அலுவலரும் ஏற்பாடு செய்யப்பட்டார்கள். வாளி நன்றாக வேலை செய்தது.

அலுவலர் பெயர் டிரிஸ்டன் ஓக்ஷாட். அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் லியோனார்ட் பிங்கஸ், ஊரில் பாதித் தலைகளுக்கு முடி வெட்டுகிறவர். மறுநாள் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்புறம் இரண்டு வாரம் படுக்கை. கத்திக்குக்கூட அவர் பயப்படவில்லை, ஆஸ்பத்திரி டிவிக்குத்தான் பயந்தார். அதனால் படுத்துக்கொண்டே பிடிக்க வசதியாக மூன்று பேப்பர்பேக் பொறுக்கியிருந்தார்: ஒரு பழைய நாவல், ஒரு சிறுவர் கதை, ஒரு யூத வரலாறு.

“இந்த நாவல்ல கதாநாயகி கடைசியில செத்துப்போறா சார், தெரியுமா?” என்றார் ஓக்ஷாட்.

“இப்பத் தெரிஞ்சுபோச்சு. நல்லா இருங்க தம்பி.”

“துக்கம் தாங்காம தையல் பிரிஞ்சா யார் பொறுப்பு?” நாவல் மேசைக்கு அடியில் போனது.

“சரி, சிறுவர் கதையைக் குடுங்க. ஒரு கரடி, ஒரு குடை. யாரும் சாகல.”

“உங்க வயசு?”

“அறுபத்தேழு.”

“அட்டையில ஆறு முதல் ஏழுன்னு போட்டிருக்கே.”

“என் வயசுல ஆறும் இருக்கு, ஏழும் இருக்கே!”

ஓக்ஷாட் சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு போன் போட்டு, நெடுநேரம் தலையாட்டினார். “பரிசீலிச்சாங்க சார். உங்க வயசுல நடுவுல ‘முதல்’ இல்லையாம்.”

கரடியும் உள்ளே போனது. யூத வரலாற்றையும் பிடுங்க மேசையைச் சுற்றி வந்த ஓக்ஷாட், பிங்கஸின் காலை நன்றாக மிதித்துவிட்டார்.

“சாரி!” என்று அலறினார் பிங்கஸ். எங்கள் நாட்டில் மிதிபட்டவர் சொல்லவேண்டியது அதுதான்.

“அப்ப தப்பு உங்க மேலதானா?”

“மிதிச்சது நீங்க!”

“மன்னிப்புக் கேட்டது நீங்க. செய்யாத தப்புக்கு யாராவது கேப்பாங்களா சார்? ஊழியரைக் காயப்படுத்தினவருக்கு வரலாறு வழங்கலாகாதுன்னு விதி இருக்கு.”

“எங்க யூத சரித்திரமே இதுதான் தம்பி. மிதிபடறதும் நாங்க, விளக்கம் சொல்றதும் நாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. இவனை இன்று விடக்கூடாது என்று முன்னால் பாய்ந்து, “சாரி...” என்று ஆரம்பித்தேன். எங்கள் நாட்டில் சண்டையும் அப்படித்தான் தொடங்கும். மன்னிப்புக் கேட்டவர்கள் கணக்கில் என் பெயரையும் எழுதிக்கொண்டார் ஓக்ஷாட்.

மூடும் மணி அடித்தது. “வெறுங்கையோட அனுப்பாதீங்க தம்பி. தடையில்லாத புத்தகம் ஒண்ணுகூடவா இல்ல?” என்று கெஞ்சினார் பிங்கஸ். ஒன்று இருந்தது. நகராட்சி வெளியிட்ட ‘வாசிப்பு நல விதித்தொகுப்பு’. அதுவும் பேப்பர்பேக்தான், செங்கல் தடிமன்.

நான்கு நாள் கழித்து ஆறுதல் சொல்லப் போனேன். வார்டே குலுங்கிக்கொண்டிருந்தது. பிங்கஸ் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்து, மறுபடி போட்டிருந்தார்கள்.

“கதாநாயகன் பேரு ‘மேற்படியார்’. நாலு நாளாப் படிக்கிறேன், ஆள் யாருன்னே சொல்லமாட்டேங்கறாங்க” என்றார்.

“செத்துப்போவாரா?”

“இல்லைய்யா. ஒரு துணைவிதியில காலாவதி ஆயிடறார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

செய்தி பரவியது. ஊரே விதித்தொகுப்பு கேட்டு நூலகத்தில் நின்றது. வாசிப்பு இப்படிப் பெருகியதைக் கண்டு பூரித்த நகராட்சி, மேலும் ஏராளமான பிரதிகளை இறக்கியது. அவற்றுக்கு இடம் வேண்டி நாவல், சிறுவர் கதை, வரலாறு அலமாரிகள் காலி செய்யப்பட்டன. ஓக்ஷாட்டுக்குப் பதவி உயர்வு.

கைத்தடி ஊன்றி வந்த பிங்கஸ் காலி அலமாரிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். நாங்களும் பொங்கி எழுந்தோம். இனியும் பொறுப்பதில்லை என்று நகராட்சி வாசலில் கூடி, காரசாரமாக ஒரு மனு எழுதினோம். பிங்கஸ்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

விதித்தொகுப்பின் இரண்டாம் பாகத்தை உடனே வெளியிட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.