மூன்று தோட்டமும் ஒரு விஜிதரனும்

மனித குலத்தின் தலையாய சாதனை எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் மின்சாரம் என்பார்கள். நான் இரண்டையும் மறுக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களைச் சுற்றிவிட்டு மாற்றிக்கொள்ளும் ‘மும்முனைப் பரிமாற்றம்’தான் அது. அந்த மகத்தான கலையை இலங்கை மலையகத்து ராகலைக்குக் கொண்டுவந்தவன் நான். கொண்டுவந்த வேகத்தில் ஆறடி இரண்டு அங்குல மனிதன் ஒருவனைத் தொலைத்தவனும் நானே.

என் பெயர் யோகேஸ்வரன். பஜாரில், போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. வரலாற்றுக்காக, வட்டாரத் ‘தொழில்முறை’க் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளராக இருக்கிறேன். எங்களிடம் சவுக்குமலை, ஊசிமலை, குளிர்காடு என்று மூன்று தேயிலைத் தோட்டத்து அணிகள், ஒரு மைதானம், இரண்டு கம்பம், ஒன்றரை வளையம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தின்ன ஆளுக்கொரு பனிசும் குடிக்கப் பிளேன்டியும் கொடுப்பதால் இது தொழில்முறை விளையாட்டு.

விடியற்காலையில் அமெரிக்க ஆட்டங்களைப் போனில் பார்ப்பேன். ஆட்டத்தைவிட, ஆட்டம் இல்லாத மாதங்களில் அங்கே நடக்கும் ஆள் மாற்றல்தான் எனக்குப் பிடிக்கும். கோட் போட்டவர்கள் பேசுகிறார்கள். மறுநாள் ஒருவர் வேறு ஊர்க்காரர் ஆகிவிடுகிறார். என்ன ஒரு நாகரிகம்.

என் முதல் பரிமாற்றம் எளிமையானது. சவுக்குமலை தன் விஜிதரனைக் குளிர்காட்டுக்குக் கொடுக்கும். ஊசிமலை தன் சுமனைச் சவுக்குமலைக்குக் கொடுக்கும். குளிர்காடு தன்னிடமிருந்த வெளிநாட்டு விசிலை ஊசிமலைக்குக் கொடுக்கும். மூன்று தரப்பும் கையொப்பமிட்டன. நான் எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பயிற்சிக்கு வந்த விஜிதரன், சவுக்குமலை ஜேர்சி சுமன் உடம்பில் இருப்பதைப் பார்த்தான். குளிர்காட்டுப் பக்கம் போனான். அந்த அணியின் மேனேஜர் அழகுமுத்து கும்பிட்டு வரவேற்றார்.

“வாங்க தம்பி. ஒங்கள மாதிரி ஒசரமான ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தோம். ஆனா விதி ஏழு இருக்கே. எந்தத் தோட்டத்துல குடியிருக்காங்களோ, அந்த டீமுக்குத்தான் ஆடலாம். சுமனாச்சும் சவுக்குமலையில அவன் அக்கா வீட்டுக்குக் குடிபோயிட்டான். நீங்க சவுக்குமலை லயத்து வீட்டுலதானே இருக்கீங்க?”

அந்த ஏழாம் விதியை எழுதிய மேதை நான்தான். நுவரெலியா டவுனிலிருந்து யாரும் ஆள் இறக்கக்கூடாது என்று எழுதினேன். எழுதியதை மறந்ததும் நான்தான்.

விஜிதரன் மைதானத்தின் நடுக்கோட்டில் நின்றான். “யோகு அண்ணே, நான் எந்தப் பக்கம் நிக்கிறது?”

“நடுவுலயே நில்லு. இது இடைக்கால ஏற்பாடு.”

“அடுத்த ஞாயிறு கொழும்பு கோச் ஆள் பாக்க வர்றாரு. அப்பவும் நடுவுலயா?”

அவனுக்கு இருபத்திரண்டு வயது. மழையென்றும் பனியென்றும் பாராமல் அந்த ஒன்றரை வளையத்தில் பந்து போட்டுப் பழகியவன். அவன் கேட்டது எனக்கு எங்கேயோ குத்தியது. ஆனால் நிர்வாகி இளகக் கூடாது. பரிமாற்றத்தில் கோளாறு வந்தால் அதற்கு மருந்து, அதைவிடப் பெரிய பரிமாற்றம்.

குளிர்காட்டில் அவனுக்கு வீடு வேண்டும். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவருக்குத்தான் வீடு. அவன் வீட்டில் பேர் பதிந்திருப்பவர், கொழுந்து பறிக்கும் அம்மா மீனம்மா. ஆகவே மீனம்மாவையும் பரிமாற்றத்தில் சேர்த்தேன். ஆட்டக்காரரின் தாயாரைச் சேர்க்கும் துணிச்சல் அமெரிக்கர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

குளிர்காடு ஒப்புக்கொண்டது. சவுக்குமலையில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முறைத்தார்.

“விஜிதரன் போனா பந்துதான் போவும். மீனம்மா போனா கொழுந்துல்ல போவும். என்ன தருவீங்க?”

“என்ன வேணுங்க ஐயா?”

“திருவிழாவுக்குத் தப்படிக்க ஆளு இல்ல. ஊசிமலைக்காரன் ஒருத்தன் நல்லா அடிக்கிறான்.”

ஊசிமலை தப்புக்காரரைத் தர இசைந்தது. பதிலுக்கு, இனிமேல் வரப்போகும் ஆட்டக்காரர் ஒருவரை இப்போதே பிடித்துவைக்கும் ‘எதிர்காலத் தேர்வு’ ஒன்று கேட்டது. மீனம்மாவின் மகள் நிஷாந்தி, அதே சவுக்குமலையில் அடுத்த லயத்தில் குடியிருக்கிறாள், நிறைமாதம். விஜிதரனின் அக்காள் என்பதால் பிறப்பது உயரமாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையை ஊசிமலைக்கு ஒதுக்கினேன்.

சம்மேளனத் தலைவர் சிதம்பரநாதன் முதலாளியின் ஹாட்வெயார் கடையில், பெயின்ட் டின்களுக்கு நடுவே அவசரக் கூட்டம் கூடியது.

“பொறக்கிறது பொட்டப்புள்ளயா இருந்தா?” என்றார் தலைவர்.

“அது ‘பாதுகாக்கப்பட்ட தேர்வு’ங்க முதலாளி. அப்படி ஆனா அடுத்த பிரசவத்துக்குத் தள்ளிப்போகும்.”

“இதோட போதும்னு நிஷாந்தி புருசன் சொல்றானாமே?”

“அவருக்குச் சம்மேளனம் கடிதம் அனுப்பும்.”

தலைவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். “மனுசங்க பேரெல்லாம் இல்லாம நம்பரா போட்டுட்டா பாக்க சுத்தமா இருக்கும்ல?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எஞ்சியது மீனம்மாவின் கையொப்பம். இரண்டு முறை போயிருந்தேன். முதல் முறை, “பாப்போம் தம்பி” என்றார். இரண்டாம் முறை, “அங்க லயத்துல தண்ணி ஒழுங்கா வருதா?” என்று கேட்டுவிட்டு, “பாப்போம்” என்றார். எங்கள் மலையில் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் சம்மதம்தான் என்று தலைவருக்கு உறுதி சொல்லியிருந்தேன்.

மூன்றாம் முறை போனபோது அவர் வேலை முடிந்து வந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். விஜிதரன் வாசலில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நிஷாந்தி வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள்.

“கையெழுத்துதாங்க அக்கா பாக்கி. மூணு தோட்டத்துக்கும் நல்லது.”

“யாரு யாரு எங்க போறோம்னு வெளங்கச் சொல்லுங்க தம்பி.”

“நீங்களும் விஜியும் குளிர்காட்டுக்கு. நிஷாந்தி இங்கயே. புள்ள பொறந்து வளந்ததும் ஊசிமலைக்கு.”

நிஷாந்தி தம்பியைப் பார்த்தாள். விஜிதரன் பந்தைப் பார்த்தான்.

மீனம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “எனக்கு அப்ப ஏழு வயசு. இந்தியா, இலங்கைன்னு ரெண்டு அரசாங்கம் உக்காந்து பேசி, ஒங்களுக்கு இத்தன பேரு, எங்களுக்கு இத்தன பேருன்னு எங்க ஆளுகளப் பங்கு போட்டுக்கிட்டாங்க. அப்பாவும் அண்ணனும் இந்தியாவுக்கு. அம்மாவும் நானும் இங்க. நானுஓயா ஸ்டேசன்ல கோச்சி ஏத்திவிட்டுட்டு நடந்தே வந்தோம். அப்பா செத்தது கடுதாசியிலதான் தெரியும்.”

“அக்கா, இது வெளையாட்டுக்கு...”

“அந்தத் திட்டத்த விட்டுட்டா எம்மவன் எந்த டீமுல இருப்பான்?”

யோசித்தேன். இத்தனை நாளில் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. “சவுக்குமலையிலதாங்க. பழையபடி.”

“ஞாயித்துக்கெழம கோச்சு முன்னால ஆடலாமா?”

“ஆடலாங்க.”

ரொட்டியை ஒரு தட்டில் வைத்துத் தேங்காய்ச் சம்பலோடு என் முன் நகர்த்தினார்.

“அப்ப சாப்புடுங்க. பதிலும் சொல்லிடுறேன். முடியாது. அவங்களாச்சும் ரெண்டு நாட்டுக்காகப் பிரிக்கிறோம்னு சொன்னாங்க. நீங்க ஒரு பந்துக்காகப் பிரிக்க வந்திருக்கீங்க.”