நண்டுத்திட்டில் ஒரு குடை

“இது குடிக்கிற தண்ணியா, மீனு ஊறப்போடற தண்ணியா?”

அம்சவள்ளி வாயிலிருந்ததைத் துப்பினாள். நண்டுத்திட்டில் வந்து இறங்கி இன்னும் ஈரக்கால்கூடக் காயவில்லை.

“வெயிலுக்கு உப்பு, சர்க்கரை கலந்து குடிக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஒரு சிட்டிகைதான் போட்டேன்” என்றான் சகாதேவன்.

மரக்காணம் உப்பளத்தில் வருடக்கணக்காக உப்பு வாரிய கை அது. அந்தக் கைக்குச் சிட்டிகை என்றால் ஐந்து விரலும் சேர்ந்து அள்ளுவது. இருந்த ஒரே கேனில் அதைப் போட்டிருந்தான், மகராசன்.

சுனாமியன்று கடற்கரையில் அம்சவள்ளியின் கை அவன் பிடியிலிருந்து நழுவியது. அவள் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு பிழைத்தாள். ஞாயிறு தவறாமல் அவளோடு அலையில் நின்றவன், அதற்கப்புறம் கடல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. முழங்கால் தண்ணீருக்கே உடம்பு உதறும். மழைக்கு உப்பளம் மூடியதும், கழுவெளி ஏரி நடுவிலிருக்கும் இந்த மணல்திட்டுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று அவள் கேட்டாள். அவள் கேட்டு இல்லையென்று சொல்ல அவனுக்கு வராது. கேன், குடை, பேண்டேஜ், லாரி டியூப் சகிதம் சாலம்மாளின் படகில் கண்ணை மூடிக்கொண்டே வந்து சேர்ந்தான். டியூப் இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

“சர்க்கரைய மறந்துட்டேன், அதான். போட்டா சரியாய்டும்.”

பொட்டலத்தைக் கவிழ்த்தான். பாதி மடியில் சிந்தி எறும்பு வந்தது. எறும்புக்குப் பயந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை வேலிக்காத்தான் கிளையில் தொங்கவிட்டான். காக்கா வந்தது.

“சோறும் போச்சா? நல்லாப் பாத்துக்கறீங்க என்னை” என்று சிரித்தாள் அவள்.

“இன்னா புழுக்கம்! மயக்கம் வந்துடப் போவுது. இந்தா, குடையப் புடி.”

குடையைக் கொடுத்துவிட்டு, வேட்டியிலிருந்த எறும்பைத் தட்டக் குனிந்தான். அவ்வளவுதான்.

“ஐயோ, குடை! காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுங்க!”

குடை தண்ணீரில் மிதந்தது. அம்சவள்ளி அதன் பின்னாலேயே இறங்கிவிட்டாள்.

“அம்சா! வேணாண்டி! குடை போனாப் போவுது!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி, தொடை, இடுப்பு. சகாதேவன் யோசிக்கவேயில்லை. டியூபோடும் எறும்போடும் ஓடிப்போய் விழுந்து அவள் கையைப் பிடித்தான்.

பிடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தான். இடுப்பளவு தண்ணீர். கட்டிய பெண்டாட்டி முன்னால் கோவென்று அழுதான்.

“வுடமாட்டேண்டி.”

“வுடாதீங்க. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போலாமா?”

“போலாம்” என்று மூக்கை உறிஞ்சினான்.

திரும்பும்போது படகில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஈரக்குடையை உதறினான்.

“பாழாப்போன காத்து, புதுக் குடையக் கெடுத்துடுச்சே!”

கழி ஊன்றிக்கொண்டிருந்த சாலம்மாள் அம்சவள்ளியைப் பார்த்தாள். அம்சவள்ளி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏம்பா, வெயிலும் காத்தும் பாத்துப் பொழைக்கிற உப்பளத்துக்காரன்தான நீ? இன்னிக்கு ஏதுப்பா காத்து?”