உந்துதல் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

கிராமத்தில் வைத்தியம் பார்க்க விரும்பும் மாணவர்களின் விருப்பம் அசல்தானா என்று கண்டறிய, ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘உந்துதல் மதிப்பீட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. சளியையே டெஸ்ட் பண்ணாமல் நம்பாத காலம், விருப்பத்தைச் சும்மா நம்பிவிட முடியுமா?

முனீஸ்வரி கடைசி வருஷ மருத்துவ மாணவி. கூமாப்பட்டி தாண்டி, மலையடிவாரத்து ஆலடிப்புதூர் அவள் பிறந்த ஊர். போன ஐப்பசியில் அவள் பெரியப்பாவைப் பாம்பு கடித்தது. பஸ் வருவதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஊர் சுகாதார மையத்தில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம். அதை வாங்கியே தீருவது என்று ஆத்திரத்தோடு, நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

குழுத் தலைவர் டாக்டர் பாண்டிதுரை. ராஜபாளையத்தில் சொந்த ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள் கிராமங்களுக்காக உருகுவார். கடிதத்தைப் படித்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஏம்மா, பொறந்த ஊருக்கே போகணும்ங்கிற. இதுல உந்துதல் எங்க இருக்கு?”

“அங்க டாக்டர் இல்ல சார். அதான்.”

“சொந்த ஊருக்குப் போறதுக்குப் பேரு சேவை இல்லம்மா, லீவு.”

‘விண்ணப்பதாரர் சுயநல நோக்குடன் பொதுச்சேவை புரிய விழைகிறார்’ என்று பதிவாகி, விண்ணப்பம் தள்ளுபடியானது.

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. கிளார்க் சங்கரலிங்கம் இரக்கப்பட்டு யோசனை சொன்னார்.

“மதுரை அட்ரஸ் ஒண்ணு பிடிச்சு மறுபடியும் போடு. கிராமத்தையே பாத்ததில்லன்னு எழுது. மாட்டு வண்டி, அந்திச் சூரியன், வெள்ளந்தி மக்கள், இம்புட்டும் வரணும். பாம்பு மட்டும் வரவே கூடாது.”

மதுரையில் சித்தி வீடு இருந்தது. ‘வாழ்நாளில் ஒருமுறையேனும் வயலை நேரில் காணத் துடிக்கிறேன்’ என்று, நாற்று நட்ட கையாலேயே எழுதினாள். பாண்டிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அதே முகம்தான், ஆனால் ஃபைலில் ஊர் வேறாயிற்றே, அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். மாட்டு வண்டி விட்டுப்போனதற்கு ரெண்டு மார்க் குறைத்தார். நெற்பயிர் எப்படி இருக்கும் என்று ஏசி அறையில் அரைநாள் வகுப்பும் எடுத்து, ஆலடிப்புதூருக்கு அனுப்பி வைத்தார்கள்.

முதல் நாள். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் நோயாளிகள் எல்லாரும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். முன்னால் வீங்கின காலோடு அவள் அப்பா ஆண்டிச்சாமி. பதறிக்கொண்டு ஓடினாள்.

“எப்பா, எங்க போறீக? நான் இங்கதான இருக்கேன்!”

“மெதுவாப் பேசு தாயி. நல்ல டாக்டரை இந்த ஊருக்கு எவனாவது போடுவானா? நீ என்னமோ தப்புப் பண்ணிட்டன்னு ஊரே பேசுது. பெரிய டாக்டரு கால்ல விழுந்தாவது ஒன்னைய டவுனுக்கு மாத்திருதேன். அப்படியே என் காலையும் காட்டிட்டு வாரேன்.”

“எந்தப் பெரிய டாக்டரு?”

“ராஜபாளையம் பாண்டிதுரை. கைராசிக்காரரு. நம்ம ஊர் ஆளுகளுக்குன்னே தனி வரிசை விட்டுருக்காருல்ல.”

அன்றைக்குப் பார்த்து, பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.