கல்யாணப் புடவையில் தொங்கிய பி.டி. சார்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை, சரியாக ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நான் என் மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவைக்குள் ஏறினேன். உடுத்தவில்லை. ஏறினேன். (இரண்டில் எது அதிக அவமானம் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். உடுத்தியிருக்கலாம்.)

நான் தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைக் குனியவும் நிமிரவும் கால் கட்டைவிரலைத் தொடவும் வைத்துச் சம்பளம் வாங்குகிறவன். எந்தக் கஷ்டத்துக்கும் என்னிடம் ஒரே மருந்துதான்: நன்றாக இழுத்துப் பிடி, பத்து எண்ணு. தலைவலிக்கும் அதுதான், கணக்கில் ஃபெயில் ஆனதற்கும் அதுதான். இப்படிப்பட்ட ஆளிடம்தான் கர்த்தர் எஸ்தரைக் கொடுத்தார்.

எஸ்தருக்கு அப்போது ஏழு வயது. செரிப்ரல் பால்சி. மூளை அனுப்பும் உத்தரவு தசைக்குப் போய்ச் சேருவதில் குளறுபடி. கால் இரண்டும் விறைத்துக் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை பெரும்பாலும் மூடிய முஷ்டி. உடம்பில் விறைக்காத ஒரே இடம் வாய்தான். பேச்சு மெதுவாக வரும். வந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

தசையை இழுத்துவிட வேண்டும் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். போதாதா எனக்கு? தினமும் மாலை ஆறரைக்குப் பாய் விரித்து, காலைப் பிடித்து இழுத்து, பத்து எண்ணுவேன். நடுவில் அழுதால் மறுபடி ஒன்றிலிருந்து. "வலிக்காது, வலிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று தத்துவம் வேறு. எல்லாம் பயம்தான். இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஆபரேஷன் என்று எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பலன் என்ன தெரியுமா? என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே எஸ்தர் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நான் தூக்க வந்தால் உடம்பெல்லாம் கட்டையாகிவிடும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள். பக்கத்தில் இரண்டு பெரிய கைகள், வெறும் கைகள்.

"அப்பா எங்கடி?" என்று கேட்டாள் என் மனைவி ஷீலா.

"இதான்" என்றாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் தெரபிஸ்ட் கல்பனா மேடத்திடம் போய் நின்றேன்.

"நீங்க இழுக்க இழுக்க, அவ பயத்துல இன்னும் இறுக்கிக்கறா சார். அந்தத் தசையோட மல்லுக்கட்டாதீங்க" என்றார் மேடம். "வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார வைங்க. ஒரு திண்டு வாங்கி ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வச்சு விளையாடுங்க, கால் தானா விரியும். பிடிச்ச பொருளை எட்டுற தூரத்துல வச்சு அவளையே எடுக்க விடுங்க. மெதுவா ஒரே தாளத்துல ஆட்டினாலும் உடம்பு தளரும், ஆனா அந்த ஊஞ்சல் வேலைய நான் இங்க சென்டர்ல பாத்துக்கறேன். காலுக்கு மாட்டுற ஸ்பிளிண்ட், அதுக்கு அளவு பாக்கறது எல்லாம் என் பொறுப்பு. நீங்க விளையாடுங்க, போதும்."

"எத்தனை செட் மேடம்?"

"செட்டெல்லாம் இல்ல சார். விளையாட்டு."

"சரி, ஒரு விளையாட்டுக்கு எத்தனை நிமிஷம்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "சார், உங்களுக்கு விளையாடவே தெரியாதா?"

(இதைக் கேட்டது ஒரு விளையாட்டு ஆசிரியரிடம் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.)

சிட்லபாக்கத்துக்குத் திரும்பும் வழியிலேயே இரும்புலியூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் நாசர் பாயிடம் ஒரு திண்டுக்குச் சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் "ஊஞ்சல் வேலைய நான் பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்தில் ஊஞ்சல் என்ற சொல் மட்டும்தான் என் காதில் தங்கியது. எங்கள் வீட்டு ஹால் கூரையில் ஒரு கொக்கி இருக்கிறது. எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய கொக்கி. தூளியைவிட மென்மையான வைத்தியம் உலகத்தில் உண்டா?

சனிக்கிழமை ஷீலா சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். பீரோவைத் திறந்தேன். காட்டன் புடவைகளை இழுத்துப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. கீழ்த் தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த சந்தன நிறப் பட்டு, கல்யாணத்துக்குக் கட்டியது, இரும்பு மாதிரி இருந்தது. எடுத்து முடிச்சுப் போட்டேன். பிள்ளையைப் போடுமுன் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? வாசல் கிரில்லைப் பூட்டி, சாவியை டிராக் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, எண்பத்தாறு கிலோவையும் தூளிக்குள் இறக்கினேன்.

கொக்கி தாங்கியது. புடவையும் தாங்கியது. நான்தான் தாங்கவில்லை. பட்டு வழுக்கும் என்பது ஷீலாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பின்பக்கம் சர்ரென்று கீழே இறங்கியது, முழங்கால்கள் மேலே வந்து தாடையில் இடித்தன, கைகள் இரண்டும் உடம்போடு சேர்ந்து மடங்கிக்கொண்டன. உதைத்த உதையில் ஸ்டூல் கவிழ்ந்து உருண்டு சோபா வரை போனது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், வாழைப்பூ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன்.

பாயில் உட்கார்ந்திருந்த எஸ்தர் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு.

"எஸ்தர், தங்கம், சிரிக்காதடி. அப்பாவுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு."

உண்மையாகவே கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து இழுத்தது. நான் அலறினேன்.

"நடிக்காத" என்றாள் எஸ்தர். "வலிக்காது. வலிக்கிற மாதிரி இருக்கும்."

நகர்ந்து வந்து, தொங்கிய முந்தானையை இடது கையால் பிடித்து என்னை ஆட்ட ஆரம்பித்தாள். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" ஏழில் நான் "ஐயோ" என்றேன்.

"அழுதியா? முதல்ல இருந்து."

அந்த இரண்டாவது ஒன்று, இரண்டு, மூன்று இருக்கிறதே, வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எண்களை நான் கேட்டதில்லை. அந்தப் பத்தை இருபது கிலோகூட இல்லாத ஒரு பிள்ளைக்குத் தினமும் நான் எண்ணியிருக்கிறேன்.

வாசலில் நாசர் பாய் குரல் கேட்டது. "சார்! திண்டு எட்தாந்துகீறேன்!" கிரில் கம்பிகளுக்கு வெளியே, தோளில் திண்டோடு நின்றார். உள்ளே பார்த்தார். திண்டு தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

"இன்னா சார் இது? பொடவைல இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"லோடு டெஸ்ட் பாய்."

"வூட்ல யார்னா பெரியவங்க இல்லியா?"

(நான்தான் பெரியவன் என்று சொல்ல வாய் வரவில்லை.)

திரும்ப முயன்றேன். பாக்கெட்டிலிருந்து சாவி நழுவி டைல்ஸில் ணங்கென்று விழுந்து, எஸ்தரின் பக்கத்தில் போய் நின்றது.

"எஸ்தர், அத எடுத்துப் பாய் அங்கிள்கிட்ட குடும்மா."

எடுத்தாள். வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நீ வெளிய வந்தா கால இழுப்ப."

நாசர் பாய் தொண்டையைச் செருமினார். "பாப்பா சொல்றதுல பாயின்ட் கீது சார்."

"இழுக்க மாட்டேன்மா. கல்பனா ஆன்ட்டி வேணாம்னுட்டாங்க."

"ஆன்ட்டி சொல்லலன்னா இழுப்பியா?"

ஏழு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? "இல்லம்மா. ஆன்ட்டி சொன்னாலும் சரி, சொல்லலனாலும் சரி. இனிமே உனக்கு வலிக்குதுன்னு நீ சொன்னா, வலிக்குது. அவ்வளவுதான்."

யோசித்தாள். "பாய் அங்கிள், நீங்க சாட்சி."

"நா சாட்சி பாப்பா. கடைய வேற தொறந்து போட்டு வந்துகீறேன், சீக்கிரம் வா கண்ணு."

(அந்தச் சாட்சி இன்றும் அமலில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் என்னை எங்கே பார்த்தாலும் பாய் கடைக்குள்ளிருந்தே கத்துகிறார்: "இன்னா சார், பாப்பாகிட்ட பெர்மிஷன் வாங்கினியா?" காரணம் தெரியாத என் மாணவர்களும் இப்போது அதையே கேட்கிறார்கள். வீட்டிலோ, நான் எதையாவது ஆர்வமாக ஆரம்பித்தால், "முதல்ல சாவிய என்கிட்ட குடு" என்று தாயும் மகளும் கை நீட்டுவார்கள்.)

எஸ்தர் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். முழங்கையை ஊன்றி ஊன்றி வாசலை நோக்கி நகர்ந்தாள். நடுநடுவே மூச்சு வாங்க நின்றாள். யாரும் எண்ணவில்லை. நான் எவ்வளவு இழுத்தும் பிரியாத அந்தக் கால்கள், அவள் பாட்டுக்கு நகர்ந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகிச் சேர்ந்தன. கிரில்லில் பாய் குனிந்து கைநீட்டி, எச்சில் சாவியை வாங்கிக்கொண்டார்.

உள்ளே வந்து என்னைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. எனக்குக் கீழே திண்டைப் போட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறி முடிச்சைப் பிரித்தார். முடிச்சுப் பிரிந்ததா, புடவை கிழிந்ததா என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. திண்டின்மேல் குப்புற விழுந்தேன். கூரையிலிருந்து கொஞ்சம் சிமென்ட்டும் என் பிடரியில் விழுந்தது.

அப்படியே கிடந்தேன். முதுகில் ஏதோ ஊர்ந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சிரைத்து, முட்டிமோதி ஏறிக்கொண்டிருந்தாள் எஸ்தர். நாசர் பாய் அவள் இடுப்பில் லேசாகக் கை கொடுத்தார். இரண்டு கால்களையும் என் இரண்டு பக்கமும் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடம்பு கட்டையாகவில்லை. அந்தச் சின்ன எடை என் முதுகில் தளர்வாக, சூடாக இருந்தது. "போ" என்று என் காதைத் திருகினாள்.

அப்போதுதான் ஷீலா வந்தாள், பாட்டுப் புத்தகத்தோடு, பின்னால் கொயரில் பாடும் இரண்டு அக்காமார்களோடு. கூரையைப் பார்த்தாள். இரண்டாகக் கிடந்த கல்யாணப் புடவையைப் பார்த்தாள். ஸ்டூல் பக்கத்தில் நின்ற பாயைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அசையாதீங்க" என்றாள். பார்வை எஸ்தரின் விரிந்த கால்களிலேயே இருந்தது. "அவ உட்கார்ந்திருக்கா. இறங்கட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு."