பல்லவரும் என் முன்பல்லும்

அறுபதுகளில் திருச்சியில் எத்தனை பேர் பல் டாக்டரிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்களோ, அத்தனை பேருக்கும் காரணம் ஒரே மனிதர்தான் என்று எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் செய்வேன்.

அவர் ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அப்பா அம்மா ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். காலேஜ் பையன்கள் வைத்த 'பல்லவர்' என்ற பெயர்தான் நின்றது. மாமல்லபுரத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாராவது கன்னத்தில் கை வைத்தபடி ஏறினால் போதும், டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் வைத்தியம் ஆரம்பமாகிவிடும். படிப்பு ஆறாம் வகுப்பு. ஆனால் பல் விஷயத்தில் சந்தேகம் என்ற ஒன்று அவருக்கு வந்ததே இல்லை. அதெல்லாம் படித்த டாக்டர்களுக்கு வருகிற வியாதி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து நோயாளி குதித்துத் தப்பிக்க முடியாது என்பதும் அந்த டாக்டர்களுக்கு இல்லாத வசதி.

நான் அப்போது கண்டோன்மெண்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். தினமும் காலை அவர் பஸ்தான். ஒரு நாள் கடைவாய்ப் பல் வலிக்கு மாத்திரை வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

"முழுங்கப் போறீங்களா?" என்றார். "முழுங்கினா வயித்துக்குல்ல போகும்? வலி வயித்துலயா இருக்கு? ஈறுல வச்சு அடக்கிக்கிங்கம்மா."

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் நான். அடக்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்தது. மறுநாள் வாயைத் திறந்து காட்டினேன்.

"பாத்தீங்களா, மருந்து எப்படி வேலை செய்யுது!" என்றார்.

என் கதையாவது ஈறோடு போயிற்று. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த ஒருவருக்கு மேல்வரிசையில் ஒரு சொத்தை. பிடுங்கிவிடப் போவதாகப் பஸ்ஸில் சொன்னார். பல்லவர் பதறிவிட்டார்.

"மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புங்க. புடுங்கினா பார்வை போயிடும்."

"எங்க அண்ணன் புடுங்கினாருங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"கண்ணாடி போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு."

"அப்புறம்?"

பிட்டர் பல்லைப் பிடுங்கவில்லை. பத்து நாளில் வலி தானாக நின்றது. "வலி நின்னா வியாதி போச்சு" என்று பல்லவர் சர்டிபிகேட் கொடுத்தார். உள்ளே பல் செத்துப்போனதால்தான் வலி நின்றது என்பது அடுத்த வாரம் கன்னம் வீங்கியபோதுதான் தெரிந்தது. அதற்கும் மருந்து இருந்தது. செங்கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம். கண் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்து, பிட்டர் பிழைத்து வந்தார்.

"மேல் பல்லு கண்ணுல கொண்டு போய் விடும்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் பல்லவர், கொஞ்சமும் கூசாமல்.

இப்படிப்பட்டவருடைய பஸ்ஸில்தான் என் முன்பல் விழுந்தது.

அம்மா மண்டபம் திருப்பத்தில் ஓர் எருமை ரோட்டின் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அழுத்திய பிரேக்கில் என் வாய் முன் சீட்டுக் கம்பியில் மோதியது. வாயெல்லாம் ரத்தம். தடவிப் பார்த்தால் நடுவில் ஒரு ஜன்னல். பல், வேரோடு முழுசாக, என் மடியில் கிடந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. கண்ணாடியில் இனி எந்த முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பல்லவர் பல்லை எடுத்தார். துடைப்பதற்காக, வருஷக்கணக்காகத் தண்ணீரையே பார்க்காத ஒரு கர்சீப்பை உருவினார். நான் போட்ட அலறலில் கர்சீப் பைக்குள் திரும்பிப்போனது. பின் சீட்டில் பால்காரர் ஒருவர் கேனோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தம்ளர் ஊத்துங்க. விழுந்த பல்லு காஞ்சா மிச்சப் பல்லெல்லாம் ஆட்டம் கண்டுடும்" என்று பல்லைப் பாலுக்குள் போட்டார். பிறகு என்னிடம் குனிந்து, "அழாதீங்கம்மா. சத்திரத்துல இறங்கினதும் நல்ல ஓட்டுக் கூரையாப் பாத்து எறிஞ்சிடுவோம்" என்று தேற்றினார்.

அதைக் கேட்டதும் இன்னும் சத்தமாக அழுதேன். "டாக்டர்... டாக்டர்ட்ட போகணும்" என்றேன்.

"டாக்டரா? பக்கத்துப் பல்லையும் சேத்துப் புடுங்கிடுவாரும்மா."

நான் அழுகையை நிறுத்தவில்லை. அவர் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று விசிலை ஊதினார். "அண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க! நேரா மெயின்கார்டு கேட்டு!"

சத்திரத்தில் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். "முன்பல்லுங்க! பொம்பளைப் புள்ளைங்க!" என்று பதிலுக்குக் கத்தினார். மெயின்கார்டு கேட்டில் பல் டாக்டர் வீட்டு மாடிப்படியில் எனக்கு முன்னால் அவர்தான் ஓடினார். ஒரு கையில் தம்ளர், மறு கை அதன் மேல் மூடி. பெருமாள் திருமஞ்சனத்துப் பாலைக்கூட யாரும் அவ்வளவு பக்தியோடு ஏந்தியிருக்க மாட்டார்கள்.

டாக்டர் பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "துடைச்சீங்களா?"

"இல்ல சார்" என்றார் பல்லவர், என் பக்கம் திரும்பாமல்.

"நல்ல வேளை. துடைச்சுக் காயவிட்டிருந்தா செத்திருக்கும். பால்ல போடணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான் சார்."

"கெட்டிக்காரர். சீக்கிரமா வேற வந்துட்டீங்க. திரும்ப வச்சுப் பார்ப்போம்." பிறகு காக்கிச் சட்டையைக் கவனித்தார். "நீங்க எந்த பஸ்?"

பல்லவர் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓகோ. என் பேஷண்டுகளையெல்லாம் ஆறு மாசம் லேட்டா அனுப்பி வைக்கிறது நீங்கதானா?"

அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். "ஏதோ நம்மளால முடிஞ்சது சார்" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். கீழே ஒரு பஸ் ஜனம் காத்திருந்தது.

டாக்டர் பல்லைக் குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். நின்றாலும் நிற்கும், போனாலும் போகும் என்றார்.

மறுவாரம் நான் பஸ் ஏறியபோது வேறு கண்டக்டர் இருந்தார். டிரைவரிடம் விசாரித்தேன். "சொல்லக் கூடாதுன்னாரு. பஸ்ஸை நிறுத்தாம ஓட்டச் சொன்னதுக்குப் பதினஞ்சு நாள் வேலையில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றார். 'நீங்கதானே ஓட்டினீங்க?' என்று கேட்கவில்லை. பழி முழுவதையும் யார் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தது.

திரும்பி வந்த பல்லவர் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் அது நம் தப்பு. ஒரு தடவை சரியாகச் சொன்னவரை ஊரில் யாரால் அடக்க முடியும்? பல் ஆடினாலும் பால், வீங்கினாலும் பால், சொத்தைக்கும் பால். "பெரிய டாக்டரே சொல்லிட்டாரு!" மேல்பல் நரம்பு மட்டும் கண்ணிலேயேதான் இருந்தது.

கம்பி கட்டியிருந்த நாளெல்லாம் எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார். "சிரிங்கம்மா" என்பார். பஸ் ஜனம் அத்தனையும் பார்க்க நான் பல்லைக் காட்ட வேண்டும். குனிந்து பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் டிக்கெட் கிழிப்பார்.

அந்தப் பல் பதினோரு வருஷம் நின்றது. ஒரு நாள் காலை, வலியே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். இரண்டு பஸ் போன பிறகுதான் உறைத்தது: அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.