பனியன் துணிக்கு நரம்பு முளைத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலம்பாளையத்துச் சனம் முன்பெல்லாம் கறிக்கடையில் வரிசை கட்டும். இப்போது நரம்பானந்தர் வாசலில் கட்டுகிறது. கை மரத்தவர், கால் இழுத்தவர், மகனுக்குக் கணக்கு ஏறாதவர், சொன்ன பேச்சுக் கேட்காத புருஷன் வாய்த்தவர் எல்லாருக்கும் ஒரே வியாதிதான். நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதில்லையாம். நரம்பை வளர்க்கிற வளர்ச்சிக் காரணி வற்றிவிட்டதாம். அதைத்தான் அவர் தீர்த்தமாக ஊற்றுகிறாராம்.

போன வருடம் வரை பஸ் ஸ்டாண்டில் செல்போன் உறை விற்ற கன்னையன்தான் இந்த சுவாமி. உறையை விட்டு உள்ளே இருப்பதற்குப் போய்விட்டார். அதுவும் ஒரு வளர்ச்சிதானே.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வம்பே அதுதான். உடம்பில் அப்படிச் சில புரதங்கள் உண்டு. நரம்புச் செல்களை வளர்க்கும். ஒன்று சொல்வது அடுத்ததற்குச் சரியாகப் போய்ச்சேர உதவும். ஆனால் அதை உடம்பேதான் சுரந்துகொள்கிறது. குடத்தில் கலக்கி உள்ளங்கையில் ஊற்றுகிற சமாச்சாரமில்லை. நூலைப் பார்த்தே வளர்ந்த ஊர், நரம்பையும் நூலாகவே நினைத்துவிட்டது. அறுந்தால் முடிச்சுப் போட ஆள் வந்தாயிற்று என்று சந்தோஷம்.

வேலாத்தாளுக்கும் அந்தச் சந்தோஷம்தான். ஓவர்லாக் மிஷினில் தைத்துத் தைத்து அவள் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போயின. இப்படியே போனால் கூலி குறைந்த, பிசிறு வெட்டுகிற மேசைக்கு மாற்றிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, பட்டை கட்டு, மாத்திரை சாப்பிடு என்றது ஆஸ்பத்திரி. இரண்டையும் நிறுத்து என்றார் சுவாமி. மாத்திரை நரம்பின் வாயை அடைத்துவிடுமாம். அவளும் நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிறு துணைக்கு வந்தாள் அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பக்கத்து வீட்டுக் குழம்பு இன்னதென்று தெரியாமல் தூங்காதவள், சுவாமி நரம்பைச் சோதிக்கிற பெட்டிக்குள் இருப்பதை மட்டும் சும்மா விடுவாளா?

பெட்டியின் மேல் இரண்டு செப்புத் தகடுகள். வேலாத்தாள் தகட்டுக்கு ஒரு கை வைத்தாள். சத்தமில்லை. சுவாமி உள்ளங்கைகளில் தீர்த்தம் ஊற்றி மறுபடி வைக்கச் சொன்னார். பெட்டி 'கூ'வென்று கூவியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நரம்பு பேசுதுங்கம்மா, கேட்டீங்களா?"

வேலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுதுங்க சாமி. ஆனா என் வெரலுக்குத்தான் இன்னும் கேக்கலீங்க."

இன்னும் சில வாரம் வந்தால் கேட்கும் என்றார் சுவாமி.

பாண்டியம்மாள் பையிலிருந்து மிஷின் துடைக்கிற பனியன் துண்டு ஒன்றை எடுத்தாள். தீர்த்தத்தில் முக்கி இரண்டு தகட்டுக்கும் குறுக்கே போட்டாள். பெட்டி முன்னைவிடப் பலமாகக் கூவியது.

"இதுக்கு எங்கன நரம்பு இருக்கு சாமி?"

சுவாமி அசரவில்லை. உழைப்பாளி கைபட்ட துணியில் அவர்கள் நரம்புச் சக்தி இறங்கியிருக்கும் என்றார். நாலைந்து தலைகள் ஆடின. ரிஜெக்ட் ஆன டி-சர்ட்டுகளையும் காட்டிப் பார்க்கலாமா என்று ஒருவர் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

பாண்டியம்மாள் தகட்டைத் துடைத்து, அதே துணியில் காய்ந்த துண்டு ஒன்றைப் போட்டாள். பெட்டி வாய் திறக்கவில்லை. வாசலில் விற்ற உப்பு மோரை வாங்கி அதன் மேல் ஊற்றினாள்.

'கூ...'

"அப்ப மோரும் வளர்ச்சிக் காரணியா சாமி?"

வரிசையிலிருந்த ஒருவர் பெட்டியைக் கவிழ்த்தார். ஒரு பேட்டரி, ஒரு கூவும் கருவி, நாலு ஒயர். தீர்த்தமென்று ஊற்றியது வெறும் உப்புத் தண்ணீர்; அது பட்டால் கரண்ட் ஓடுகிறது, அவ்வளவுதான். பூசைக்கு நேரமாச்சு என்று சுவாமி உள்ளே போனார். அந்தப் பூசை பின்வாசல் வழியாகப் பல்லடம் தாண்டியும் நடந்ததாகக் கேள்வி.

வேலாத்தாள் ஈரக் கையைப் பார்த்தபடி நின்றாள். "ஏனுங்க்கா, ஆஸ்பத்திரீல அந்த மாத்தரய மறுக்காத் தருவாங்களா?"

"தருவாக. வா, நானும் வாரேன்."

பட்டை கட்டி, மாத்திரை சாப்பிட்டு, இப்போதுதான் அவள் கட்டைவிரலுக்குத் துணியின் மடிப்புத் தெரிகிறது. ஓவர்லாக் மிஷினில்தான் இருக்கிறாள்.

ஊருக்குத்தான் இன்னும் குணமாகவில்லை. பக்கத்து மண்ணரையில் வேறொரு சுவாமி வந்திருக்கிறாராம். தலைக்குள் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் பேசத் தயாராக இருக்கின்றன, ஐயா. தினம் ஒரு கேள்வியாவது கேட்டு வையுங்கள். பாவம், அவற்றுக்கும் பேச ஒரு விஷயம் வேண்டாமா?